கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம்: மாற்றுத்திறன் மாணவர்களுக்கான செய்முறை

முதல் பருவத்தில், மூன்று மணி நேரம் எழுத என் வலது கை ஒத்துழைக்காது என்று துறைத்தலைவரிடம் வாயால் சொல்லி வைத்திருந்தேன். “பார்த்துக்கொள்ளலாம் தம்பி” என்றார். தேர்வன்று அறைக் கண்காணிப்பாளருக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பத்து மதிப்பெண் கேள்விகளைத் தொடாமலே தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் சேரன்மகாதேவி தாண்டும்வரை யாரிடமும் பேசவில்லை. நெல்லைச் சீமையில் இந்த ஆண்டு கல்லூரி சேரும் தம்பி தங்கைகளாவது எழுத்தில் கேட்கட்டும்.

1. சான்றுகள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் மத்திய அரசின் தனித்துவ அடையாள அட்டையான யுடிஐடி அட்டையும் முதலில் வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போவதானால் மதியச் சாப்பாட்டையும் கட்டிக்கொள்ளுங்கள். குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கிறதா? அதைக் காட்டி மட்டும், தேர்வில் நாம் சொல்வதை எழுதுபவரை மறுக்கக்கூடாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எழுதச் சிரமம் உண்டு என்று அரசு மருத்துவமனையில் சான்று வாங்குங்கள்.

2. என்ன வேண்டும்? “உதவி தேவை” என்று எழுதினால் அனுதாபம்தான் கிடைக்கும். மாடி ஏற முடியாதென்றால் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றக் கேளுங்கள். பார்வை மங்கலென்றால் பெரிய எழுத்து வினாத்தாள். காது கேட்பதில் சிரமமென்றால் முன்வரிசை இருக்கையும் பாடக் குறிப்பும்.

3. கடிதம். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பள்ளியில் எழுதிய அதே விண்ணப்பம்தான். நான் எழுதியது இது:

“ஐயா, வலது கைக் குறைபாட்டால் என்னால் வேகமாக எழுத இயலாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன்படி, தேர்வுகளில் எனக்குச் சொல்வதை எழுதுபவரும் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சான்றுகளின் நகல்களை இணைத்துள்ளேன்.”

“கருணை கூர்ந்து” என்று தொடங்கியிருந்தேன். அக்காள்தான் அடித்துவிட்டாள். பிச்சையா கேட்கிறாய் என்றாள்.

4. ஒப்புகை. எல்லோரும் கோட்டைவிடும் இடம் இதுதான். கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து இரண்டையும் அலுவலகத்தில் நீட்டுங்கள். ஒன்று அவர்களுக்கு, மற்றதில் பெற்றுக்கொண்ட தேதி, கையெழுத்து, முத்திரை மூன்றும் விழ வேண்டும். “வைத்துவிட்டுப் போங்கள்” என்பார்கள். நகர வேண்டாம். என் நகலில் முத்திரை பாதிதான் பதிந்திருந்தது. ஸ்டாம்ப் பேடில் மை தீர்ந்துவிட்டதாம். தேதி தெளிவாக இருந்தது, அதுவே போதுமானதாயிற்று.

5. தேர்வு. தன்னாட்சிக் கல்லூரியென்றால் அங்குள்ள தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமே முடிந்துவிடும். மற்றக் கல்லூரிகளுக்கு அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் அனுமதி தேவை. முதல்வர் வழியாக, தேர்வுக் கட்டணம் கட்டும்போதே விண்ணப்பியுங்கள். மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். எழுத வருபவரோடு முந்தின நாளே உட்கார்ந்து பழகுங்கள். நான் வரலாறு மாணவன். எனக்கு எழுத வந்த பிளஸ் டூ தம்பி “ஆதிச்சநல்லூரில்” ஒற்று வருமா என்று கேட்டே இரண்டு நிமிடம் போயிற்று.

6. பதில் வராவிட்டால், தேதியைக் குறிப்பிட்டு நினைவூட்டுக் கடிதம் கொடுங்கள். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். அவர் யாரென்று கேளுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். மை குறைந்த முத்திரையோடு இருந்தாலும் அந்த நகலை மறக்காமல் எடுத்துப் போங்கள்.