குறுக்கீட்டில் ஆற்றல் எங்கே போகிறது? அடிக்கடி நடக்கும் தவறுகள்

ஒளியோடு ஒளி சேர்ந்து இருட்டு வருகிறதென்றால் அந்த ஆற்றல் எங்கே போச்சு? இப்படி அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து சில இடங்களில் கூடுவதும் சில இடங்களில் குறைவதும்தான் குறுக்கீடு. ஒளியை இரண்டு மெல்லிய பிளவுகள் வழியே அனுப்பித் திரையில் பொலிவும் கருமையுமான வரிகளைப் பார்க்கும் யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனையைப் படிக்கிற எவருக்கும் வரவேண்டிய கேள்விதான். இதற்குச் சொல்லப்படும் பதில்களில்தான் கோளாறு. அதில் மோசமானது "வெப்பமாகிவிடும்" என்பது. வெற்றிடத்தில் இரண்டு அலைகள் சந்திக்கும்போது சூடாவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

பெரிய சறுக்கல், செறிவுகளை, அதாவது ஒளியின் பிரகாச அளவுகளை, நேராகக் கூட்டிவிடுவது. ஓரியல் மூலங்கள் (அலைகள் மாறாத ஒத்திசைவோடு வரும் மூலங்கள்) என்றால் கட்ட வேறுபாட்டை, அதாவது ஓர் அலை மற்றதைவிட எவ்வளவு முந்தியோ பிந்தியோ வருகிறது என்பதை, கணக்கில் எடுத்து முதலில் வீச்சுகளை (அலையின் உயரங்களை) கூட்ட வேண்டும், அப்புறம்தான் வர்க்கம். ஒவ்வொரு பிளவும் தனியாகத் தரும் செறிவு 1 என்று வையுங்கள். பொலிவு வரியின் நடுவில் வீச்சு 2, ஆகவே செறிவு 4. கருமை வரியில் 0. கருமையைப் பார்த்துப் பதறுகிறவர்கள், 2 இருக்க வேண்டிய இடத்தில் 4 இருக்கிறதே என்று பதறுவதில்லை! வரிகள் முழுவதுக்கும் சராசரி எடுத்தால் சரியாக 2 வரும். பிளவுகள் சமமாக இல்லாமல் செறிவுகள் 4, 1 என்று இருந்தாலும் இதே கதைதான்: வீச்சுகள் 2, 1, பொலிவில் 9, கருமையில் 1, சராசரி 5. ஒரே ஒரு புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு ஆற்றல் அழிவின்மை விதியைச் சந்தேகிக்கக் கூடாது.

சரி, திரை முழுவதுமே இருட்டானால்? ஒரு கற்றையை இரண்டாகப் பிரித்து, இரண்டு கண்ணாடிகளில் பட்டுத் திரும்பியதும் மறுபடி சேர்க்கும் மைக்கல்சன் குறுக்கீட்டுமானியில் கண்ணாடிகளைச் சரிசெய்து அப்படி ஆக்க முடியும், இங்கேதான் நன்றாகப் படித்தவர்களும் மாட்டிக்கொள்வார்கள். அந்தக் கருவிக்கு வெளிவாயில் இரண்டு; ஒன்று திரைப்பக்கம், இன்னொன்று ஒளி வந்த வழி. திரைப்பக்கம் இருண்டால் ஒளி லேசரை நோக்கித் திரும்புகிறது. படம் வரையும்போது அந்த இரண்டாவது கற்றையை விட்டுவிடுவதுதான் குழப்பத்துக்கே காரணம். ஈர்ப்பலைகளைத் தேடும் அமெரிக்காவின் லைகோ கருவி கிட்டத்தட்ட இந்த இருண்ட நிலையில்தான் இயங்குகிறது. திரும்பி வரும் ஒளியை வீணாக்காமல் ஒரு கண்ணாடி வைத்து மறுபடி உள்ளேயே அனுப்பிவிடுகிறார்கள்.

மூக்குக்கண்ணாடிகளில் உள்ள எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு ஒளியை விழுங்கிவிடுவதாக நினைப்பதும் இதே வகைத் தவறு. சாதாரணக் கண்ணாடியின் ஒரு பரப்பு சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். அதன்மேல் ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிமனில் மக்னீசியம் ஃபுளோரைடு பூசினால், பச்சை ஒளிக்கு அது ஒன்றரை சதவீதத்துக்கும் கீழே இறங்கும். எதிரொளிப்பில் குறைந்த அந்தப் பங்கு கண்ணாடியைக் கடந்து உள்ளே போகிறது, அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு தந்திரக் கேள்வி. இரண்டு ரேடியோ ஆன்டெனாக்களை அலைநீளத்தைவிட மிக நெருக்கமாக, ஒரே கட்டத்தில், ஒரே மின்னோட்டத்தில் இயக்கினால் எல்லாத் திசையிலும் ஒரு ஆன்டெனா மட்டும் தருவதைப் போல நான்கு மடங்கு செறிவு வரும், ஈடுகட்டக் கருமையே இருக்காது. அப்படியானால் ஆற்றல் சும்மா கிடைத்ததா? இல்லை. ஒவ்வொரு ஆன்டெனாவும் மற்றதன் புலத்தை எதிர்த்து வேலை செய்வதால், தனியாக இருந்தபோது எடுத்ததைப் போல இரு மடங்கு திறனை டிரான்ஸ்மிட்டரிடமிருந்து இழுக்கிறது. கட்டத்தை எதிராக்கினால் இரண்டும் அனேகமாக எதையுமே வெளியிடாது. மூலம் எப்போதும் ஒரே அளவுதான் கொடுக்கும் என்று எடுத்துக்கொள்வதுதான் இங்கே பிசகு.