சைக்கிள்ல தூரமா ஆபீஸ் போறவங்க சொதப்புற இடங்கள்

தாம்பரத்துலேர்ந்து சேலையூர், மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி வழியா தரமணி போனா 18 கிலோமீட்டர் பக்கம் வரும். இந்த மாதிரி தூரத்த சைக்கிள்ல போறேன்னு ஆரம்பிச்சு மூணாவது வாரத்துல விட்டவங்கள கேட்டா ஸ்டாமினா இல்லைம்பாங்க. சென்னை தட்டையான ஊருங்க, மேம்பாலத்த விட்டா ஏத்தமே கிடையாது, மணிக்கு 15, 16 கிலோமீட்டர்ல நிதானமா மிதிச்சாலே ஒண்ணேகால் மணி நேரத்துல போயிடலாம். ஆனா போய் சேர்ந்ததுக்கப்புறம் எட்டு மணி நேரம் வேலை பாக்கணும், இருட்டுல திரும்பி வரணும், மறுநாளும் கிளம்பணும், இதையெல்லாம் கணக்குல வெக்காம காலையில ரேஸ் ஓட்டுற மாதிரி கிளம்பிடுறாங்க, சொதப்புறது அங்கேர்ந்துதான்.

எடுத்தவுடனே திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் அஞ்சு நாளும் போறது முதல் தப்பு. மூச்சும் காலும் சீக்கிரம் பழகிடும், உக்கார்ற இடம் பழக நாளாகும். இதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு, ஒரு நாள் காலையில சைக்கிள்ல போய் ஆபீஸ்லயே பூட்டி வெச்சுட்டு சாயங்காலம் பஸ்ல வந்துடுங்க, மறுநாள் பஸ்ல போய் சைக்கிள்ல திரும்புங்க. ரெண்டு நாளைக்கு ஒரு ரவுண்டுதான், அதுவே முதல் மாசத்துக்கு தாராளம். செக்யூரிட்டி அண்ணாகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுக்கோங்க, நிறைய ஐடி பார்க்ல கார், பைக்குக்கு டோக்கன் இருக்கும், சைக்கிள எங்க விடுறதுன்னு அவருக்கே தெரியாது.

அடுத்தது சைக்கிள். கடையில பாக்க கெத்தா இருக்குன்னு முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் சஸ்பென்ஷன், முள்ளு முள்ளா தடி டயர் வெச்ச எம்டிபிய, அதாங்க மலைப்பாதையில ஓட்டுற மவுன்டன் பைக்க, வாங்கிடுறாங்க. தார் ரோட்ல அந்த டயர் கொர்ர்ருன்னு சத்தம் போட்டுக்கிட்டு நம்ம உழைப்ப தின்னும், மிதிக்கிற வேகத்துல பாதிய ஸ்பிரிங் வாங்கிக்குற மாதிரி இருக்கும். ரோடு சைக்கிளுக்கும் எம்டிபிக்கும் நடுவுல இருக்குற ஹைபிரிட் போதும். அதுகூட வேணாம், வீட்ல இருக்குற பழைய கியர் இல்லாத வண்டிய சர்வீஸ் பண்ணி எடுத்துட்டு போனாலும் நம்ம ஊர்ல தாராளமா ஓடும். ஏற்கனவே எம்டிபி வாங்கிட்டீங்கன்னா விக்கணும்னு இல்ல, வழவழப்பான ரோடு டயர் ரெண்டு மாத்துங்க, வேற வண்டி ஓட்டுற மாதிரி இருக்கும்.

சீட் ஹைட்ட பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா முட்டி போச்சுன்னு நிறுத்துறவங்கள்ல பாதி பேருக்கு காரணம் இதுதான்னு நான் நினைக்கிறேன். நிக்கும்போது ரெண்டு காலும் தரையில பதியணும்னு சீட்ட தாழ வெச்சுக்குறாங்க, மிதிக்கும்போது முட்டி எப்பவும் மடங்கியே இருக்கும். செவுத்த புடிச்சுக்கிட்டு சீட்ல உக்காருங்க, குதிகால பெடல்ல வெச்சு பெடல கீழ கடைசி வரைக்கும் இறக்குங்க, அப்போ கால் நேரா இருக்கணும், அதுதான் சரியான உயரம். ஓட்டும்போது பாதத்தோட முன்பகுதியால மிதிப்போம்ல, தானா முட்டி லேசா மடங்கிக்கும். முட்டிக்கு முன்பக்கம் வலிச்சா பெரும்பாலும் சீட் தாழ இருக்கு, பின்பக்கம் இழுத்தா ஒசரமா இருக்கு, அரை இன்ச் அரை இன்ச்சா மாத்தி பாருங்க. அதே மாதிரி பெரிய கியர்ல போட்டு அழுத்தி அழுத்தி மிதிக்கிறதும் முட்டிக்குதான் ஆப்பு. லேசான கியர்ல போட்டு கால் சுத்திக்கிட்டே இருக்கணும், நிமிஷத்துக்கு 70, 80 சுத்து.

பஞ்சர் ஆனா வழியில கடை இருக்கும்னு நம்புறது இன்னொண்ணு. கடை இருக்கு, ஆனா அங்க வர்றது பைக்கும் ஆட்டோவும், காலையில 7 மணிக்கு அந்த கடையும் திறந்திருக்காது. இதுல உங்க டியூப்ல பிரெஸ்டா வால்வு, அதாங்க அந்த ஒல்லியான வால்வு இருந்துச்சுன்னா கடைக்காரர் காத்தடிக்கிற பைப்பே சேராது. சின்ன பித்தளை அடாப்டர் ஒண்ணு கிடைக்கும், எப்பவும் வால்வுலயே மாட்டி வெச்சிடுங்க. ஒரு ஸ்பேர் டியூப், டயர ரிம்லேர்ந்து நெம்பி கழட்ட ரெண்டு டயர் லிவர், கைப்பம்ப், இவ்ளோதான் கிட். ஸ்பேர் டியூப் மாத்துறவங்களும் ஒரு இடத்துல கோட்டை விடுவாங்க, புது டியூப் போட்டு ரெண்டு கிலோமீட்டர்ல திரும்ப காத்து இறங்கிடும். லாரி டயர் வெடிச்சு சிதறுற கம்பி ரோடு பூரா கிடக்கும், தலைமுடி தடிமன்தான், டயர்ல குத்திக்கிட்டு வெளிய தெரியவே தெரியாது. டியூப் போடுறதுக்கு முன்னாடி டயரோட உள்பக்கம் விரல வெச்சு ஒரு சுத்து மெதுவா தடவி பாருங்க, சுருக்குன்னு ஒரு இடத்துல படும், அத புடுங்கிட்டு அப்புறம் மாட்டுங்க. காத்து கம்மியா ஓட்டுறதாலயும் பஞ்சர் ஆகும். காத்தழுத்தம் எவ்ளோ பிஎஸ்ஐன்னு டயரோட சைடுலயே போட்டிருக்கும், கட்டைவிரலால அமுக்கி பாக்குறதெல்லாம் வேலைக்காகாது, வாரத்துக்கு ஒரு தடவை அழுத்தம் காட்டுற கேஜ் வெச்ச பம்பால பாத்துடுங்க.

வியர்வை. முதுகுல லேப்டாப் பேக் மாட்டிக்கிட்டு போனா சட்டை பிழியுற அளவுக்கு நனையும், தோளும் போகும். கேரியர் போட்டு சைடு பேக் மாட்டிடுங்க. அயர்ன் பண்ண டிரெஸ்ஸ பஸ்ல போற நாள்ல கொண்டு போய் டிராயர்ல வெச்சுக்கலாம். கடைசி ரெண்டு கிலோமீட்டர் வேகத்த குறைச்சு, போனதும் பத்து நிமிஷம் ஃபேனடியில நின்னு, ஈரத்துண்டால துடைச்சுட்டு அப்புறம் மாத்துங்க, வியர்வை அடங்குறதுக்குள்ள புது சட்டை போட்டா அதுவும் போச்சு. அப்புறம் பசியோட போய் கேன்டீன்ல பொங்கல் வடைய ஒரு கட்டு கட்டிட்டு பதினோரு மணி மீட்டிங்ல சொக்குறது, கிளம்பும்போதே ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்டா இது நடக்காது.

ரூட் விஷயத்துல மேப் காட்டுற குறுக்கு வழிய அப்படியே நம்பாதீங்க, அதுக்கு தூரம் தெரியும், தண்ணி லாரி தெரியாது. சிக்னல்ல லாரிக்கு இடது பக்க சந்துல புகுந்து முன்னாடி போறது ரொம்ப ஆபத்து, லாரி லெஃப்ட் திரும்பினா டிரைவருக்கு நீங்க கண்ணுல படவே மாட்டீங்க. ஸ்டாப்புக்கு ஒதுங்குற எம்டிசி பஸ்ஸையும் இடது பக்கம் முந்தாதீங்க, படியிலேர்ந்து ஒருத்தர் நேரா உங்க ஹேண்டில்பார் மேலதான் இறங்குவார். பின்னாடி சிவப்பு லைட் பகல்லயும் எரியட்டும். காதுல ஹெட்போன் வேண்டாம்.

காத்த யாரும் கணக்குல எடுத்துக்குறதில்ல. கோடையில மதியத்துக்கு மேல கடல்காத்து கிழக்கேர்ந்து அடிக்கும், திருவான்மியூர்ல வீடு, போரூர்ல ஆபீஸ்னா சாயங்காலம் களைச்சு போய் வரும்போது முழுக்க எதிர்காத்துதான். முகத்துல காத்து அடிச்சா கியர குறைச்சுக்கோங்க, பத்து நிமிஷம் லேட்டா வீட்டுக்கு போங்க.

அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மழை. தண்ணி தேங்கின ரோட்ல ஓரமா போக கூடாது, மழைநீர் வடிகால் மூடி திறந்து கிடந்தாலும் தெரியாது. முன்னாடி போற பைக்கோட தடத்துலயே போங்க. சக்கரத்தோட வளையத்த கட்டையால புடிக்கிற ரிம் பிரேக் நனைஞ்சா புடிக்க லேட்டாகும், முன்கூட்டியே லேசா அமுக்கி தண்ணிய வழிச்சு விடணும். வீட்டுக்கு வந்ததும் பழைய வேட்டித் துணியால செயின துடைச்சு எண்ணெய் விடுங்க, விட்டுட்டு மேல இருக்குறத திரும்ப துடைச்சிடணும், இல்லேன்னா மண்ணு அப்பிக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுன்னு ஆயிடும். முழங்கால் அளவு தண்ணி நிக்குதுன்னு தெரிஞ்சா அன்னிக்கு சைக்கிள எடுக்காதீங்க, டிரெயின்ல போங்க.