மாரியோவா, மேரியோவா? பதிவு பட்டனை அழுத்தும் முன்

வீடியோ கேம் ஆடும் வீடியோக்களுக்குத் தமிழில் பின்னணி பேசுவது என் பொழுதுபோக்கு. ஒருமுறை 40 நிமிட வீடியோவைப் பேசி முடித்து, வெட்டி ஒட்ட உட்கார்ந்தபோதுதான் காதில் விழுந்தது. சூப்பர் மாரியோ கேம்களின் நாயகனான, சிவப்புத் தொப்பி போட்ட அந்தக் குழாய்ப் பணியாளரை முதல் பாதியில் 'மேரியோ' என்கிறேன், இரண்டாம் பாதியில் 'மாரியோ' என்கிறேன். ஓர் இடத்தில் 'மரியோ' கூட இருக்கிறது. பாதி பேசியதும் இரண்டு அமெரிக்கர்களோடு இணையத்தில் ஆடிவிட்டு வந்து மீதியைப் பேசியிருந்தேன். அவர்கள் சொன்ன விதம் அப்படியே நாக்கில் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து பெயரை வாயில் நன்றாகப் போட்டுப் பழகிவிட்டுத்தான் பதிவு பட்டனை அழுத்துகிறேன். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் 'மா'வைப் பிடியுங்கள். தகராறு முழுக்க அங்கேதான். அமெரிக்கர்களில் பெரும்பாலோர் நம் 'ஆ'வுக்கு நெருக்கமாக 'மாரியோ' என்பார்கள். இங்கிலாந்தில் பரவலாகக் கேட்பது வேறு. அது 'மேரியோ' என்று நாம் எழுதுவதும் இல்லை, 'மாரியோ'வும் இல்லை. அந்த உயிருக்குத் தமிழில் எழுத்து கிடையாது. 'பேங்க்', 'பேட்' என்று எழுதிவிட்டு வாயில் வேறு மாதிரி சொல்கிறோமே, அந்த ஒலிதான். வரவழைப்பது சுலபம். 'ஆ' சொல்லித் தாடையை இறக்குங்கள். தாடையை அங்கேயே வைத்துக்கொண்டு, நாக்கை மட்டும் 'ஏ' சொல்வதுபோல முன்னால் தள்ளுங்கள். இப்போது குட்டையாக வெட்டி 'ரியோ' சேர்த்தால் ஆங்கிலேயரின் மாரியோ. கண்ணாடி முன்னால் செய்தால் முகம் கொஞ்சம் கோணும், பரவாயில்லை.

இந்த வேறுபாடு ஒரு பெயரோடு நிற்பதில்லை. வெளிமொழிச் சொல்லில் 'a' வந்தால் அமெரிக்கர் வாய் பெரும்பாலும் 'ஆ' பக்கம் போகும், ஆங்கிலேயர் வாய் அந்த 'பேங்க்' ஒலிப் பக்கம் போகும். பாஸ்தாவையும் மாஸ்தா காரையும் இரண்டு பேரையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், புரிந்துவிடும். கனடாக்காரர்கள் அமெரிக்கர் மாதிரிதான் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். பாஸ்தா விஷயத்தில் பலர் ஆங்கிலேயர் பக்கம் நிற்கிறார்கள். ஆனால் அந்த 'பேங்க்' உயிருக்குப் பின்னால் 'ர' வரும்போது வட அமெரிக்காவின் பெரும்பகுதியில் அது 'எ' ஆகிவிடும். அதனால் அப்படிச் சொல்பவர் வாயில் கிட்டத்தட்ட 'மெரியோ' என்றே வரும். அமெரிக்காவிலேயே இப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். என் 'மேரியோ' எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

அடுத்தது 'ரி'. இதில் நமக்கு அதிர்ஷ்டம். இத்தாலியரும் ஸ்பானியரும் ஜப்பானியரும் இந்த இடத்தில் நாக்கு நுனியால் மேலே ஒரு தட்டு தட்டுவார்கள். நம் 'ர'வும் அதேதான், பழகவே வேண்டாம். ஆங்கிலேயர் போலவோ அமெரிக்கர் போலவோ சொல்லவேண்டும் என்றால்தான் வேலை: நாக்கு நுனி எங்கும் தொடாமல் அந்தரத்தில் நிற்கவேண்டும். ஒரு விஷயம், 'ற' போட்டு அழுத்திவிடாதீர்கள். என் வீடியோவின் தானியங்கி வசனவரி ஒருமுறை 'மாறியோ' என்று காட்டியது. என்ன மாறியது என்று ஒருவர் கேட்டுவிட்டார்.

கடைசியாகத் தாளம். ஜப்பானிய மொழியில் இது ம, ரி, ஒ என மூன்று சம தட்டு, மூன்றும் குறில். கைதட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள். இத்தாலியத்தில் இரண்டே அசை. முதல் அசை நீண்டு, 'ரியொ' ஒரே மூச்சில் வரும். நாமோ 'ரி'க்கும் 'ஓ'வுக்கும் நடுவில் தானாகவே 'ய்' சேர்த்துவிடுகிறோம். பள்ளியில் படித்த உடம்படுமெய் இங்கே வந்து உதவி செய்கிறது. கடைசி 'யோ'வை மட்டும் இழுக்காதீர்கள். இழுத்தால் யாரையோ தூரத்திலிருந்து கூப்பிடுவதுபோல் இருக்கும்.

சரி, எதுதான் சரியான உச்சரிப்பு? 1981இல் டாங்கி காங் விளையாட்டில் வந்தபோது இவருக்கு ஜம்ப்மேன் என்றுதான் பெயர். அப்புறம் இந்த விளையாட்டுகளைத் தயாரிக்கும் நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளை வாடகைக்கு எடுத்திருந்த கிடங்கின் உரிமையாளர் மாரியோ சகாலியின் பெயரை வைத்தார்கள். பெயர் இத்தாலியப் பெயர், அங்கே 'ஆ'தான். 1996இல் வந்த சூப்பர் மாரியோ 64இல் சார்லஸ் மார்ட்டினே குரலில் அவரே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார், அங்கேயும் 'ஆ'தான். என் கணக்கில் இந்தச் சாட்சியே போதும். எந்தப் பாத்திரத்தின் பெயரில் சந்தேகம் வந்தாலும் இதைச் செய்யுங்கள்: விளையாட்டைப் போட்டு, அந்தப் பாத்திரமோ அறிவிப்பாளரோ சொல்வதைக் கேளுங்கள். அதற்காக ஆங்கிலேய நண்பரைத் திருத்தப் போகாதீர்கள். அவர் பாஸ்தாவை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே இதையும் சொல்கிறார், அவ்வளவுதான். நான் ஒருமுறை திருத்தப் பார்த்தேன். அன்று நாங்கள் ஆடிய மாரியோ கார்ட் பந்தயம் முடியும்வரை, எதிராளி மேல் எறியும் ஆமை ஓடு என் வண்டி மேல் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

தமிழில் பேசும்போது 'மாரியோ' என்பதே என் முடிவு. எழுதவும் வசதி, 'ர'வும் பொருந்துகிறது. மேரி, மரியா இரண்டும் ஒரே பெயர்தான் என்றாலும் நாம் இரண்டையும் வைத்திருக்கிறோம், அதனால் 'மேரியோ' என்பவரிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. ஒரு வீடியோவுக்குள் மாற்றிமாற்றிச் சொல்லக்கூடாது, அதுதான் முக்கியம்.

நிலையாகச் சொல்கிறீர்களா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மாரியோவுக்கு எதிரியாக 1992இல் வந்த வாரியோவின் பெயர், மாரியோவோடு கெட்டவன் என்று பொருள்படும் 'வருய்' என்ற ஜப்பானியச் சொல்லைச் சேர்த்து உருவாக்கியது. தொப்பியில் இருக்கும் எழுத்துகூட மாரியோவின் எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்ததுதான். இரண்டு பெயரையும் அடுத்தடுத்து வேகமாகப் பத்துமுறை சொல்லுங்கள். எதுகை தப்பாமல் வந்தால் பட்டனை அழுத்தலாம். ஏழாவது முறையில் எங்காவது 'மேரியோ' எட்டிப் பார்த்தால், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.