நல்லெண்ணெயை ஜெல் ஆக்குவது எப்படி? (சீனியிலிருந்து வரும் ஒரு தூள் போதும்)

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விடவும் மனசில்லை, ஆனால் அடுக்குமாடி வீட்டின் குளியலறைத் தரையில் எண்ணெய் சொட்டி யாராவது வழுக்கி விழுந்துவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறதா? அப்படியானால் எண்ணெயையே ஜெல்லாக மாற்றிவிடலாம். தலையில் வைத்தால் நெற்றியில் வழியாது. தண்ணீர் பட்டதும் பால் போல வெளுத்துக் கழுவிக்கொண்டு போய்விடும். முதல்முறை செய்பவருக்கும் வரும், ஆனால் அவசரப்படுகிறவருக்கு வரவே வராது.

வீட்டுச் சீனியைப் போட்டுக் கலக்கினால் ஒன்றும் ஆகாது, அது எண்ணெயில் கரையாமல் அடியில் படிந்துதான் கிடக்கும். நமக்கு வேண்டியது சுக்ரோஸ் லாரேட் என்ற வெள்ளைத் தூள். சீனி மூலக்கூறு தண்ணீரையும் கிளிசரினையும் நன்றாகப் பற்றிக்கொள்ளும், எண்ணெயைக் கண்டால் ஒதுங்கும். அதில் லாரிக் அமிலத்தின் நீளமான வால் ஒன்றை ஒட்டிவிட்டால் வால் எண்ணெய்க்குள் போகும், சீனித் தலை வெளியே நிற்கும். லாரிக் அமிலம் எங்கிருந்து வருகிறது என்றால், தேங்காயெண்ணெயிலும் செம்பனைக் கொட்டை எண்ணெயிலும் இருக்கும் கொழுப்பு அமிலங்களில் கிட்டத்தட்ட பாதி அதுதான். கொழுப்பைப் பிரிக்கும்போது கூடவே கிடைப்பது கிளிசரின். ஆக, நம் நாட்டுச் செம்பனைத் தோட்டத்துக்கு இது சொந்தக்காரப் பொருள் என்றே சொல்லலாம். இதே குடும்பத்துப் பொருட்கள் உணவிலும் சேர்க்கப்படுகின்றன. பாக்கெட்டில் இ473 என்று போட்டிருந்தால் அது இந்த வகைதான்.

சோப்பு, கிரீம் செய்யும் பொருட்கள் விற்கும் இணையக் கடைகளில் தூள் கிடைக்கும். வாங்கும்போது பெயரை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். சுக்ரோஸ் ஸ்டியரேட் என்று இருந்தால் அது கிரீம் செய்ய நல்லது, இந்த வேலைக்குச் சரிவராது. கிளிசரின் பார்மசியிலேயே இருக்கும். நல்லெண்ணெய்க்கு பினாங்கு லிட்டில் இந்தியாவோ பிரிக்ஃபீல்ட்ஸோ, உங்களுக்குப் பழக்கமான மளிகைக்கடை போதும். அப்புறம் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு கட்டாயம் வேண்டும். கரண்டிக் கணக்கில் செய்தால் கைவிட்டுப் போகும்.

முதல் தடவைக்கு 50 கிராம் செய்து பாருங்கள்: சுக்ரோஸ் லாரேட் 2 கிராம், கிளிசரின் 10 கிராம், நல்லெண்ணெய் 38 கிராம். தண்ணீர் கிடையாது. கிண்ணம், கரண்டி எல்லாம் ஈரமில்லாமல் துடைத்து வையுங்கள்.

முதலில் கிளிசரினைச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, தூளை மேலே தூவி, அடுப்பில் சுடுதண்ணீர் இருக்கும் சட்டிக்குள் அந்தக் கிண்ணத்தை வைத்து 75, 80 டிகிரி வரை சூடாக்குங்கள். நேரடித் தீயில் வைக்க வேண்டாம். தூள் முதலில் கட்டிகட்டியாக மிதக்கும், பயப்படாதீர்கள், மெதுவாகக் கிளறிக்கொண்டே இருந்தால் கரைந்து கெட்டியான பாகு மாதிரி ஆகிவிடும். வெள்ளைத் துகள் ஒன்றுகூடக் கண்ணில் படக்கூடாது. பிறகு இறக்கி, கிண்ணத்தைத் தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கள்.

இப்போதுதான் உண்மையான வேலை. ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், அது பாகுக்குள் முழுசாக மறையும் வரை கலக்குங்கள். அடுத்த சொட்டு. மறுபடியும் கலக்குங்கள். மயோனீஸ் செய்து பழகிய கைக்கு இது சட்டென்று பிடிபடும். முதல் 5 கிராம் எண்ணெய் உள்ளே போகும்வரை சொட்டுக்கு மேல் விடவே கூடாது. அதற்குப் பிறகு மெல்லிய நூலாக விடலாம். பாதி எண்ணெய் போனதும் கலவை இறுகத் தொடங்கும், கரண்டி போன தடம் மூடாமல் அப்படியே நிற்கும். எண்ணெய் கூடக்கூட இளகுவதற்குப் பதிலாக இன்னும் கெட்டியாகிறதே என்று முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கும். காரணம் இதுதான்: எண்ணெய் நுண்ணிய துளிகளாக உடைந்து நிற்கிறது, துளிக்குத் துளி நடுவில் கிளிசரினும் சுக்ரோஸ் லாரேட்டும் மெல்லிய சுவராக இருக்கின்றன. துளிகள் பெருகப் பெருக நெருக்கியடித்து, ஒன்று மற்றொன்றை அசையவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. 50 கிராமில் 38 கிராம் எண்ணெய், ஆனால் சாய்த்தால் ஓடாது.

பேட்டரியில் ஓடும் பால் நுரைக் கருவியைப் போடாதீர்கள். காற்றுக் குமிழ் ஏறி ஜெல் மங்கிவிடும். கரண்டி போதும்.

சரியாக வந்தால் ஜெல் வெளிறிய மஞ்சளில், ஒளி ஊடுருவும்படி இருக்கும். ஒரு பொருள் வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். கிளிசரினுக்கு அது 1.47, நல்லெண்ணெய்க்கும் ஏறக்குறைய அதுவேதான். இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண் என்பதால் வெளிச்சம் துளிகளின் ஓரத்தில் வளையாமல் நேராகப் போகிறது. தண்ணீருக்கோ 1.33. ஈரக்கையால் தேய்க்கும்போது கிளிசரின் தண்ணீரோடு கலந்து எண் இறங்கிவிடும், வெளிச்சம் சிதறும், கண்ணெதிரிலேயே ஜெல் வெள்ளையாகும். புறங்கையில் கொஞ்சம் தடவி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் விடவே மாட்டார்கள்.

தேங்காயெண்ணெயிலும் செய்யலாம். ஆனால் அதன் எண் 1.45தான், அதனால் கொஞ்சம் மங்கலாக வரும். இன்னொன்று, அது 24 டிகிரியில் உறையும். நம் ஊர் வெயிலில் பிரச்சினையில்லை, ஏர்கோன் அறையில் ராத்திரி முழுக்க வைத்தால் உறைந்து ஜெல் உடைந்து போக வாய்ப்புண்டு.

கலக்கும்போதே திடீரென்று தண்ணியாகி எண்ணெய் தனியாகப் பிரிந்துவிட்டதா? எண்ணெயை வேகமாக விட்டிருப்பீர்கள், வேறொன்றுமில்லை. கீழே கொட்ட வேண்டாம். இன்னொரு கிண்ணத்தில் கொஞ்சம் கிளிசரினும் தூளும் புதிதாகக் கரைத்து ஆறவைத்து, உடைந்த கலவையை எண்ணெய் விட்ட மாதிரியே அதில் சொட்டுச்சொட்டாகச் சேருங்கள். சேர்ந்துகொள்ளும்.

மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள், ஈரக்கையை உள்ளே விடாதீர்கள். தண்ணீர் புகுந்தால் ஜெல் இளகும், கிருமியும் வளரும். முழங்கை மடிப்பில் தடவி ஒருநாள் பார்த்துவிட்டுத் தலைக்குப் போடுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் சரி, தண்ணீரை ஜெல்லாக்க என்ன? அதற்கு நம் வீட்டிலேயே அகார் அகார் இருக்கிறது. கடல்பாசியிலிருந்து எடுப்பது, அதுவும் சர்க்கரைச் சங்கிலிதான், கேலக்டோஸ் வகை. லிட்டருக்கு 10 கிராம் தூள் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டால் 35, 40 டிகிரிக்கு ஆறும்போதே இறுகிவிடும், மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் ஜெலட்டின் ஜெல்லி மேசையிலேயே இளகிப்போகும்போது அகார் துண்டு நிமிர்ந்து நிற்பது இதனால்தான். ஜெர்மனியில் கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்திலும் கிருமி வளர்க்கும் ஜெலட்டின் தட்டுகள் உருகித் தொல்லை கொடுத்தன. அங்கே வேலை செய்தவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே 1881இல் அகாரைச் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு அது, முன்பு ஜாவாவில் வாழ்ந்திருந்த அண்டைவீட்டார் மூலம் தெரிந்த சமையல் பொருள்.

மற்ற பொருட்களைக் கரைக்கும் திரவங்களான கரைப்பான்களை ஜெல்லாக்க, சர்க்கரையிலிருந்து வரும் வேறு வகைப் பொருட்கள் இருக்கின்றன. சோர்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலோடு பென்சால்டிஹைட் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் வருவது டைபென்சிலிடின் சோர்பிட்டால். அது புரோப்பிலீன் கிளைக்கால் போன்ற கரைப்பான்களைச் சில சதவீதத்திலேயே இறுக்கிவிடும். கண்ணாடி மாதிரி தெரியும் டியோடரண்ட் குச்சிகளில் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2010இல் நியூயார்க் சிட்டி காலேஜில் வேதியியலாளர் ஜார்ஜ் ஜானின் குழு மேனிட்டால் என்ற இன்னொரு சர்க்கரை ஆல்கஹாலில் கொழுப்பு அமில வால்களை ஒட்டி, தண்ணீர்மேல் மிதக்கும் டீசலை மட்டும் ஜெல்லாக்கிக் காட்டியது. ஜெல்லை வாரியெடுத்து, வடித்து, டீசலைத் திரும்ப எடுக்கவும் முடிந்தது. ஆனால் டீசல், பெட்ரோல், ஸ்பிரிட் எதையும் வீட்டு அடுப்புப் பக்கம் கொண்டுபோய் முயற்சி செய்து பார்க்காதீர்கள். கைக்கு நல்லெண்ணெயும் அகாரும் போதும்.