உயரம் என்று எழுதுமுன் கேட்க வேண்டியது: எங்கிருந்து?

வீடு கட்டத் தொடங்கியபோது கொத்தனாரிடம், "அடித்தளம் மூணு அடி உயரம் இருக்கட்டும்ணே" என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கேர்ந்து சார் மூணு அடி? ரோட்டு மட்டத்துலேர்ந்தா, இந்தத் தரையிலேர்ந்தா?" என்று கேட்டார். எங்கள் மனை ரோட்டைவிடப் பள்ளம். நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை ரோட்டோரம் பையன் பிடிக்க, மறுமுனையை மனையில் நட்ட குச்சியோடு சேர்த்துப் பிடித்து, தண்ணீர் ஆட்டம் நின்றதும் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு தரையிலிருந்து ஒன்றரை அடி மேலே இருந்தது! உயரத்தைப் பற்றித் தமிழில் எழுதப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அவருடைய கேள்வியைத்தான்.

படி 1: அளவு தொடங்கும் இடத்தைச் சொல்லுங்கள்

கன்னியாகுமரி வள்ளுவர் சிலை 133 அடி என்கிறோம். அதில் பீடம் 38 அடி, சிலை 95 அடி. அறத்துப்பால் அதிகாரங்கள் 38, மற்ற இரண்டு பாலும் சேர்த்து 95 என்ற கணக்கு அது. ஆகவே "பீடத்தோடு சேர்த்து 133 அடி உயரம்" என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது.

படி 2: 'உயரம்' வேறு, 'உயரத்தில்' வேறு

புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கோபுரத்துக்கும் மரத்துக்கும் அடியும் நுனியும் உண்டு, அதனால் அவற்றுக்கு உயரம் உண்டு. ஊருக்கு அப்படியில்லை, ஊர் ஓர் உயரத்தில் இருக்கிறது. "2,240 மீட்டர் உயரமான ஊட்டி" என்று எழுதாதீர்கள். "ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது" என்பதே சரி. மலைச் சிகரத்துக்கு மட்டும் 'கடல் மட்டத்திலிருந்து' என்பதைச் சொல்லாமலே விடுவது வழக்கம். தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்றால் கடலிலிருந்து என்று எல்லோருக்கும் புரியும், ஆனால் ஊட்டியில் நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு அது சுமார் 400 மீட்டர்தான் மேலே இருக்கிறது.

போகிற வழியின் உயர்வைச் சொல்ல ஏற்றம், இறக்கம். நீலகிரி மலை ரயில் 326 மீட்டரில் புறப்பட்டு 2,203 மீட்டர்வரை ஏறுகிறது, 46 கிலோமீட்டர் பாதையில். தண்ணீருக்கு என்றால் மட்டம். மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடியைத் தொட்டது என்பார்கள், யாரும் 'தண்ணீரின் உயரம்' என்பதில்லை. நிலத்தடி நீர்மட்டத்தையோ மேலிருந்து கீழாக அளக்கிறோம்.

படி 3: ஆளைப் பற்றி எழுதும்போது கவனம்

உயரமான மனிதர் என்றால் நெடியவர். உயர்ந்த மனிதர் என்றால் குணத்தில் பெரியவர், அவர் குள்ளமாகக்கூட இருக்கலாம். மலைக்கும் கட்டடத்துக்கும் இரண்டு சொல்லும் பொருந்தும், ஆளுக்கு மாற்றிப் போட்டால் பொருளே மாறிவிடும். நெட்டை, குட்டை என்பவை பேச்சில் சாதாரணமாக வரும், ஆனால் ஒருவரை அப்படிச் சொன்னால் அவர் மனம் நோகும். வயதுக்கு மீறி வளர்ந்த பிள்ளையை "நல்ல வளர்த்தி" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள், எனக்கு ரொம்பப் பிடித்த சொல் அது.

படி 4: தானாகவா, யாராவது செய்ததா?

விலை உயர்ந்தது, விலையை உயர்த்தினார்கள். தண்ணீர் மாடிக்கு ஏறியது, மோட்டார் போட்டு ஏற்றினோம். இந்த இரண்டு ஜோடியையும் வாய்விட்டு நாலு முறை சொல்லிப் பாருங்கள், பழகிவிடும்.

படி 5: மேல், மேடு, மேற்கு

தமிழ்நாட்டு நிலம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. மேற்கு என்ற சொல்லில் மேல் இருக்கிறது, கிழக்கில் கீழ் இருக்கிறது. நிலத்தின் சரிவுதான் இந்தப் பெயர்களுக்குக் காரணம் என்று கால்டுவெல் போன்றோர் விளக்கியிருக்கிறார்கள். அதனால் ஒரு ஊரில் மேலத்தெரு என்று பலகை இருந்தால் அது மேட்டில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், மேற்கே இருக்கிறது என்றுதான் பொருள். மேடான தெருவுக்கு மேட்டுத்தெரு என்று தனிப்பெயர் உண்டு. வயலிலும் அப்படித்தான், வாய்க்கால் தண்ணீர் ஏறாத நிலம் மேட்டாங்காடு.

உச்சிக்கு அளவே தேவையில்லை. மலையுச்சி, உச்சந்தலை, உச்சிவெயில், திருச்சி மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையார், எல்லாமே அதற்கு மேல் எதுவும் இல்லாத இடம்.

அப்புறம், அடியும் மீட்டரும் எழுதிச் சலித்துவிட்டால் உடம்பால் அளந்து எழுதுங்கள். ஆளுயர மாலை, பனை உயரப் புகை, இடுப்பளவு நெற்பயிர். மழை வெள்ளம் புகுந்த வீட்டில் சுவரில் கறை நிற்கும் இடத்தைக் காட்டி "கழுத்தளவு வந்துச்சு" என்று ஒருவர் சொன்னால், எங்கிருந்து என்று கேட்க வேண்டியதே இல்லை, அவர் நின்ற தரையிலிருந்துதான்.