கடனில் இருக்கும் குடும்பம் சிக்கனத்தைத் தப்பான இடத்தில் தொடங்கக் கூடாது

கடன் நெருக்க ஆரம்பித்ததும் பல வீடுகளில் முதலில் நடப்பது, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு மாதத்தை ஓட்டுவதுதான். பிள்ளை போய்க்கொண்டிருந்த ஓவிய வகுப்பு நிற்கும், ஆளில்லாத அறையில் விளக்கு ஏன் எரிகிறது என்று சண்டை வரும், மாதக் கடைசியில் பார்த்தால் கடன் மட்டும் அசையாமல் இருக்கும். சிக்கனம் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் வட்டியைத் தொடாமல் செலவை மட்டும் இழுத்துப் பிடித்தால், வீட்டில் எல்லாரும் பட்ட பாட்டுக்குப் பலன் கடன் கொடுத்தவருக்குத்தான் போகும்.

"மொத்தம் எவ்வளவு கடன்?" என்று கேட்டால் சட்டென்று பதில் வராது, ஆனால் மாதத் தவணை எவ்வளவு என்று எல்லாருக்கும் மனப்பாடம். இதுதான் அடிப்படைத் தவறு. ஒரு நோட்டை எடுத்து, யாரிடம் வாங்கியது, அசலில் பாக்கி எவ்வளவு, வட்டி என்ன, எந்தத் தேதியில் கட்ட வேண்டும் என்று நான்கு பத்தி போட்டு எழுதுங்கள், நண்பரிடம் வாங்கிய கைமாற்று உட்பட. வட்டியை மட்டும் எல்லாவற்றுக்கும் வருடக் கணக்கில் மாற்றி எழுதுங்கள், ஏனென்றால் மாதம் 3 சதவீதம் என்றால் சின்னதாகத் தெரிகிறது, வட்டிக்கு வட்டி சேர்ந்தால் அதுவே வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும், எதுவும் கட்டாமல் விட்டால் இரண்டே வருடத்தில் கடன் இரட்டிப்பாகிவிடும்.

அடுத்தது கிரெடிட் கார்டு பில்லில் இருக்கும் அந்த 'குறைந்தபட்சத் தொகை'. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பாக்கி ஒரு லட்சம், வட்டி மாதம் 3 சதவீதம், குறைந்தபட்சம் பாக்கியில் 5 சதவீதம் கட்டினால் போதும் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 5,000 கட்டுகிறீர்கள், அதில் 3,000 வட்டிக்கே போய்விடும். பாக்கி குறையக் குறைய அந்தக் குறைந்தபட்சத் தொகையும் குறைந்துகொண்டே வரும், நமக்கும் நிம்மதியாக இருக்கும். ஒரு வருடம் இப்படியே போனால் கிட்டத்தட்ட 54,000 கட்டியிருப்பீர்கள், கடன் குறைந்தது சுமார் 21,500 மட்டும். இதே ஆள், பில் என்ன சொன்னாலும் சரி என்று மாதாமாதம் அதே 5,000-ஐ விடாமல் கட்டியிருந்தால் 31 மாதத்தில் முழுக்கடனும் முடிந்துவிடும். குறைந்தபட்சத்தையே நம்பிப் போனவருக்கு அந்த 31-வது மாதத்தில் இன்னும் 53,000-க்கு மேல் பாக்கி நிற்கும். இரண்டு கணக்கிலும் அந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அடைக்கும் வரை கார்டை வெளியே எடுக்கவே கூடாது.

தனிக்கடன் வாங்கும்போது ஃப்ளாட் வட்டியா (முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை போடும் வட்டி), குறையும் நிலுவைக்கு வட்டியா என்று கேட்காமல் கையெழுத்துப் போடுவது இன்னொரு தவறு. ஒரு லட்சம், 12 சதவீதம், 3 வருடம் என்றால் ஃப்ளாட்டில் வட்டி 36,000. அசல் குறையும்போது வட்டியும் குறையும் முறையில் அதே 12 சதவீதத்துக்கு 19,600-க்குள் முடிந்துவிடும். அதாவது ஃப்ளாட் 12 என்பது உண்மையில் 21 சதவீதத்துக்கும் மேல். ஃபோன் ஆப் மூலம் வாங்கும் கடனில் இன்னும் மோசம்: 10,000 கடன் என்பார்கள், கட்டணம் பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள், 30 நாளில் 10,000 திருப்பிக் கேட்டால் அது ஒரே மாதத்துக்கு 11 சதவீத வட்டி.

சரி, எதை முதலில் அடைப்பது? கணக்குப்படி அதிக வட்டிக் கடனைத்தான். மற்றவற்றுக்குத் தவணையை மட்டும் தவறாமல் கட்டிவிட்டு, மிச்சம் பிடித்த காசெல்லாம் அந்த ஒன்றின் மேல் போக வேண்டும். சிலர் சின்னக் கடனை முதலில் முடித்தால் தெம்பு வருகிறது என்பார்கள், அதையும் தப்பென்று சொல்ல மாட்டேன், வட்டி வித்தியாசம் பெரிதாக இல்லாத வரை. எல்லாக் கடனுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகப் போடுவதுதான் வேலைக்கு ஆகாது. 36 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு 7 சதவீத டெபாசிட்டைப் பத்திரமாகப் பூட்டி வைப்பதும் அப்படித்தான். அதற்காகக் கையிருப்பை முழுக்க வழித்துக் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாதச் செலவுக்காவது இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு காய்ச்சலோ வண்டி ரிப்பேரோ வந்தால் மறுபடி அதே கார்டைத்தான் தேய்ப்பீர்கள்.

பள்ளிக் கட்டணம், காப்பீட்டு பிரீமியம் போன்றவற்றைத் 'திடீர் செலவு' என்று சொல்லிக் கடன் வாங்குகிறோம். வருடா வருடம் வருவதில் திடீர் என்ன இருக்கிறது? வருடத் தொகையை 12-ஆல் வகுத்து மாதச் செலவில் ஒன்றாக எடுத்து வையுங்கள். மிச்சம் பிடிப்பதாக நினைத்து மருத்துவக் காப்பீட்டை நிறுத்துவது, பல் வலியைத் தள்ளிப்போடுவது, இரண்டுமே பின்னால் பெரிய கடனாக வந்து நிற்கக்கூடியவை.

எனக்கு ரொம்பவும் வருத்தம் தருவது, கணவனோ மனைவியோ கடனை மறைத்து ஒற்றை ஆளாகச் சுமப்பது. மற்றவருக்குத் தெரியாது, அதனால் அவர் வழக்கம்போலச் செலவு செய்வார், இவர் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டு அதைச் சமாளிக்க இன்னொரு இடத்தில் கை நீட்டுவார். ஒருநாள் தவணை தவறியதென்று ஃபோனில் வரும் குறுஞ்செய்தியை மற்றவர் பார்த்தால், அப்போது உடைவது நம்பிக்கை. அந்த நோட்டை இருவரும் சேர்ந்து மாதம் ஒருமுறை பாருங்கள், "யாரால் வந்தது" என்ற பேச்சை மட்டும் அன்றைக்கு எடுக்காதீர்கள். ஆளுக்கொரு சின்னத் தொகையைக் கேள்வி கேட்காத கைச்செலவுக்கு ஒதுக்குங்கள், அது இல்லாத சிக்கனம் ரொம்ப நாள் நிற்காது. பிள்ளைகளிடமும் பயமுறுத்தாமல் சொல்லலாம்: இந்த வருடம் இது இல்லை, கடன் முடிந்ததும் பார்ப்போம் என்று. காரணம் தெரியாமல் மறுக்கப்படுவதுதான் அவர்களை வாட்டும்.

இந்த நேரத்தில் வேறொருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள், அவர் கட்டாவிட்டால் அது உங்கள் கடன். தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால் ஃபோனை அணைத்து வைக்காமல், தேதிக்கு முன்பே கடன் கொடுத்தவரிடம் பேசுங்கள். கெடு நீட்டிப்பதோ தவணையை மாற்றி அமைப்பதோ, தவறிய பின்னால் கேட்பதை விட முன்னால் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். கெடு நீண்டால் மொத்த வட்டியும் கூடும் என்பதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒரு கடன் முடிந்த மாதத்தில் அந்தத் தவணைப் பணத்தை வீட்டுச் செலவோடு கலக்க விடாமல், அப்படியே பட்டியலில் அடுத்த கடனுக்குத் திருப்பிவிடுங்கள். பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள், அடமானமாகக் கொடுத்த பத்திரம் இருந்தால் கையோடு திரும்ப வாங்குங்கள், வங்கிக் கணக்கில் தானாகப் பணம் எடுக்கக் கொடுத்திருந்த அனுமதியையும் ரத்து செய்யுங்கள்.