பழைய புல்லட் கட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பெயின்ட் கடைசி வேலை

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் பழைய வண்டி தேடுகிறவர்கள் மலைக்கு அந்தப் பக்கமும் ஒரு கண் வைத்திருக்கிறார்கள். புளியரை தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று போனால், ரப்பர் தோட்டத்துக் கொட்டகை எதிலாவது தார்ப்பாய்க்கு அடியில் ஒரு காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட்டோ யெஸ்டி மோட்டார்சைக்கிளோ கிடக்கும். அதை மினி லாரியில் ஏற்றி வந்து, வீட்டு வாசலில் பிரித்துப் போட்டு, கஃபே ரேசராக (தாழ்ந்த ஹேண்டில் வைத்த பழைய ரேஸ் பாணி வண்டியாக) மாற்றப் புறப்படுகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறார்கள். தவறுகள் மட்டும் மாறவில்லை. பிரிக்கும்போது போட்டோ எடுங்கள், போல்ட்டைத் தனித்தனி டப்பாவில் போடுங்கள் என்பதை எல்லாரும் சொல்லியாயிற்று. இங்கே சொல்லப்போவது பணத்தைத் தின்னும் தவறுகள்.

ஆர்சியைப் பார்க்காமல் ஏற்றி வருவது

கேரளப் பதிவு வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே புது எண் வாங்க வேண்டும். அதற்கு அங்குள்ள ஆர்டிஓவிடமிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வேண்டும். அதுதான் படிவம் 28. பெயர் மாற்றத்துக்கு 29, 30. புது எண்ணுக்கு 27. விற்றவர் கையெழுத்துப் போடக் கிடைக்காவிட்டால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதற்குமேல் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்திருக்க வேண்டும். பழைய மூன்றெழுத்து எண் வண்டிகளின் விவரம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள்.

‘விண்டேஜ்’ என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. 2021இல் வந்த மத்திய விதிப்படி விண்டேஜ் பதிவு, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, சேஸும் இன்ஜினும் மாறாத வண்டிக்குத்தான். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். செல்லுபடி 10 வருஷம். ஃபிரேமை அறுத்த அன்றைக்கே அந்த வழி அடைபட்டுவிடும். ஒன்று விண்டேஜ், இல்லையென்றால் கஸ்டம். இரண்டையும் ஒரே வண்டியில் பிடிக்க முடியாது.

முதலில் பவுடர் கோட்டிங் போடுவது

பெயின்ட் பொடியை இரும்பின் மேல் அடித்து, ஓவன் சூட்டில் வேகவைத்து ஒட்டவைப்பதுதான் பவுடர் கோட்டிங். அதை முதலிலேயே போடுவதுதான் இன்றைக்கும் எரிச்சல் மூட்டும் தவறு. வண்டியைப் பிரித்த மறுவாரமே ஃபிரேம் பட்டறைக்குப் போய், பளபளவென்று கறுப்பாகத் திரும்பி வரும். பிறகுதான் அதில் என்னென்ன ஒட்ட வேண்டும் என்று யோசனை தொடங்கும். சீட்டுக்கு இரண்டு காது, டேங்க்குக்கு ஒரு தாங்கி, பேட்டரிப் பெட்டிக்கு ஒரு தட்டு. ஒவ்வொன்றுக்கும் வெல்டிங். வெல்டிங் பட்ட இடத்தைச் சுற்றிலும் கோட்டிங் கருகி உரியும். டச்சப் செய்தால் திட்டுத்திட்டாகத் தெரியும். கடைசியில் முழு ஃபிரேமையும் மறுபடி பிளாஸ்டிங் (மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வது), மறுபடி கோட்டிங், கூலி இரட்டிப்பு.

அவசரத்துக்குக் காரணம் புரிகிறது. இந்தப் பக்கம் ஜூனில் சாரல் தொடங்கினால் வெற்று இரும்பு ஒரே ராத்திரியில் துருப்பிடித்துப் போகும். அதற்கு மருந்து பவுடர் கோட்டிங் இல்லை. பிளாஸ்டிங் முடிந்த அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட் அடித்துவிட்டால் போதும். வெல்டிங் வைக்கும் இடத்தில் மட்டும் சுரண்டிக்கொள்ளலாம்.

சரியான வரிசை இது: முழு வண்டியையும் பெயின்ட் இல்லாமல் ஒருமுறை கட்டுங்கள். இன்ஜின், வீல், ஃபோர்க், டேங்க், சீட், சைலன்சர், வயரிங் எல்லாம். தாங்கிகளை முதலில் புள்ளி வெல்டிங்கில் மட்டும் பிடிக்க வையுங்கள். வெல்டிங் எர்த்தை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தூரத்தில் மாட்டினால் கரண்ட் வீல் பேரிங் வழியாகப் போய் குண்டுகளில் புள்ளி விழும். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பினால் டேங்க்கில் இடிக்கிறதா? அப்போது கிளட்ச் கேபிள் இழுபடுகிறதா? பின் ஷாக்கை ஸ்பிரிங் இல்லாமல் மாட்டி வீலை முழுக்க மேலே தூக்கினால் டயர் மட்கார்டில் உரசுகிறதா? செயினுக்கு நீளமான நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தால் இரண்டு ஸ்பிராக்கெட்டும் ஒரே கோட்டில் இருக்கிறதா?

பழைய புல்லட்டில் கியரும் கிக்கரும் வலப்பக்கமே. ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஸ்டைலாக உட்கார்ந்து பார்ப்பார்கள். கிக்கர் இறங்கும் வழியில் ஃபுட்ரெஸ்ட் நிற்பது ஸ்டார்ட் பண்ணும்போதுதான் தெரியும். யெஸ்டியில் கியர் லீவரே கிக்கரும் என்பதால், இடப்பக்கம் அதன் முழுச் சுற்றையும் விட்டுத்தான் ஃபுட்ரெஸ்ட்டுக்கு இடம் பார்க்க வேண்டும். வெற்று இரும்பில் இது அரை மணி நேர வேலை.

இன்ஜின் ஓடி, வண்டி கொஞ்ச தூரம் உருண்டு, அதிர்வில் எந்தத் தாங்கி விரிசல் விடுகிறது, எந்த நட்டு கழல்கிறது என்று தெரிந்த பிறகே பிரிக்க வேண்டும். புள்ளி வெல்டிங்கை முழு வெல்டிங்காக்கிவிட்டு, அதற்குப் பிறகு கோட்டிங்குக்கு அனுப்புங்கள்.

அனுப்பும்போதும் வேலை இருக்கிறது. பவுடர் ஒரு கோட் 0.08 மி.மீ. கனம் என்று வைத்துக்கொண்டால், துளையின் விட்டம் 0.16 குறையும். "போல்ட் ஏற மாட்டேங்கு அண்ணாச்சி" என்று அதற்குப் பிறகு வந்து நிற்பார்கள். சுத்தியலால் அடித்து ஏற்றினால் ஏறும். ஆனால் இன்ஜின் மவுன்ட்டில் போல்ட்டுக்கும் இரும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி பவுடர் இருக்கும். சூட்டில் அது நசுங்க, போல்ட் தானாகத் தளரும். ஸ்டியரிங் கப் (ஹேண்டில் பேரிங்கைத் தாங்கும் கிண்ணம்) உட்காரும் இடத்திலும் பவுடர் இருந்தால் கப் சாய்ந்து இறங்கும்; பிறகு பவுடர் பொடிந்ததும் ஹேண்டிலில் ஆட்டம் வரும். ஆகவே மரைத் துளைக்கெல்லாம் பழைய போல்ட்டை ஏற்றிவிடுங்கள். ஸ்டியரிங் கப், ஸ்விங் ஆர்ம் புஷ் உட்காரும் இடங்களுக்குச் சூடு தாங்கும் டேப். எங்கெங்கே பவுடர் படக்கூடாது என்று சாக்பீஸால் எழுதி, படம் எடுத்து, பட்டறைக்காரரிடம் காட்டிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அவர் எல்லாவற்றுக்கும் அடிப்பார்; அது அவர் தப்பில்லை.

சேஸ் எண்ணைக் கட்டாயம் மறையுங்கள். ஆர்டிஓவில் அதன் மேல் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள். பவுடர் நிரம்பிய எண்ணில் வெறும் சாம்பல் பட்டைதான் வரும். கிரைண்டர் வைத்துச் சுரண்டி ‘தெளிவாக்க’ப் போனால் எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும். எண் இருக்கும் இடத்துக்கு டேப், கோட்டிங் முடிந்ததும் கிளியர் லேக்கர், அவ்வளவுதான்.

இன்னொன்று எர்த். பவுடர் மின்சாரம் கடத்தாது. ஹார்ன் முனகுகிறது, பிரேக் மிதித்தால் ஹெட்லைட் மங்குகிறது, கிளட்ச் கேபிள் காரணமில்லாமல் சுடுகிறது என்றால், கரண்ட் திரும்பி வர வழியில்லாமல் கேபிள் வழியாக வருகிறது என்று அர்த்தம். வயரிங்கை முழுக்க மாற்றிவிட்டு அப்புறமும் தலையைச் சொறிகிறவர்கள் உண்டு. இன்ஜினிலிருந்து பேட்டரிக்கு நேரே தடித்த எர்த் வயர் ஒன்று இழுங்கள். ஃபிரேமில் ஒரு இடத்தைப் பளிச்சென்று சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு முடுக்குங்கள்.

பழைய டேங்க்கை ஓவனில் வைப்பது

பவுடர் 180 முதல் 200 டிகிரி சூட்டில் வேகும். ஓட்டைக்கு ஈயப் பற்று வைத்த பழைய டேங்க் அந்தச் சூட்டைத் தாங்காது. பற்று உருகி இறங்கி, வாங்கும்போது இல்லாத ஓட்டைகளோடு வெளியே வரும். பட்டி வைத்து நிரவிய மட்கார்டுக்கும் இதே கதி. டேங்க்குக்கும் மட்கார்டுக்கும் ஸ்பிரே பெயின்ட்தான்.

காலி டேங்க்கில் வெல்டிங்

வேண்டாம். காலி டேங்க்கில் இருப்பது பெட்ரோல் ஆவி, வெடிப்பது அதுதான்.

போர் அடித்துவிட்டுப் பிஸ்டன் தேடுவது

சிலிண்டரைத் தனியாக லேத்தில் கொடுத்துப் போர் அடித்துவிட்டு (உள்துளையைக் கடைந்து பெரிதாக்கிவிட்டு), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனுக்குக் கடை கடையாக அலைகிறவர்களை ஒவ்வொரு லேத்காரருக்கும் தெரியும். பிஸ்டனைக் கையில் வாங்கிய பிறகு இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். அவர் மைக்ரோமீட்டரில் அந்தப் பிஸ்டனை அளந்து போர் அடிக்கட்டும். ரிங்கைச் சிலிண்டரில் இட்டு, பிஸ்டனாலேயே நேராகத் தள்ளி, ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். 350 புல்லட்டின் 70 மி.மீ. போருக்குச் சுமார் 0.28 மி.மீ.யாவது இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் சூட்டில் ரிங் முனைகள் முட்டிக்கொண்டு சிலிண்டரைக் கீறும்.

இன்ஜின் கேஸை மணல் பிளாஸ்டிங்குக்குக் கொடுப்பது

ஆயில் போகும் துளைகளில் மணல் தங்கும். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போதும்.

எட்டு மில்லி போல்ட்டைத் திணிப்பது

புல்லட் இங்கிலாந்து வரைபடத்தில் பிறந்த வண்டி; பல இடங்களில் இன்ச் மரை. 5/16 இன்ச் என்பது 7.94 மி.மீ., எட்டு மில்லி போல்ட் முதல் இரண்டு சுற்று ஏமாற்றி ஏறும். ஆனால் ‘சைக்கிள் மரை’ என்கிற அந்த இங்கிலாந்து மரை இன்ச்சுக்கு 26 சுற்று, எட்டு மில்லி சாதா போல்ட் 20 சொச்சம். ஸ்பானர் வைத்து முடுக்கினால் அலுமினியக் கேஸில் மரை தூளாகும். மரை கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். யெஸ்டியில் இந்தத் தொல்லை இல்லை, அது மில்லி மரை.

சத்தமான சைலன்சர்

கேரளத்திலிருந்து போன வழக்கில்தான், கம்பெனி அளவிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. கழற்றிய பழைய சைலன்சரை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள்.